சங்கானையாளின் கொடி

மாட்டுக் கொட்டிலில் இருந்து ஓய்வு பெறுகிறவருக்குப் பிரியாவிடை விருந்து கிடையாது, பொன்னாடை கிடையாது. என் விஷயத்தில் முழங்கால்தான் முதலில் அறிவித்தல் கொடுத்தது. பிறகு மகன் பால் கறக்கும் இயந்திரம் ஒன்றை வாங்கி வந்து, "அம்மா, இனி நீங்கள் இருந்து பாருங்கோ" என்றான். இருந்து பார்க்கிறேன். இயந்திரம் நன்றாகத்தான் கறக்கிறது. அது ஒரு நாளும் என் மாமியிடம் பேச்சு வாங்கியதில்லை என்பதில்தான் எனக்குக் கொஞ்சம் பொறாமை.

எங்கள் ஊர்ப் பால் சங்கத்துப் பிள்ளைகள் அண்மையில் வந்து, சங்க மலருக்கு நான் ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்று கேட்டார்கள். தலைப்பையும் அவர்களே கொண்டுவந்திருந்தார்கள்: "நெருக்கடிக் காலத்தில் பண்ணை நிர்வாகம்". கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் பண்ணையில் நிர்வாகம் என்று ஒன்று இருந்தது உண்மை. அது வெள்ளைச் சேலை உடுத்தி, கொண்டை முடிந்து, வெற்றிலை போட்டுக்கொண்டு, கொட்டிலுக்கும் குசினிக்கும் நடுவில் நின்றது. அதுதான் என் கணவரின் தாயார், மாமி.

புத்தூரில் அந்த மாட்டுப் பட்டியைத் தொடக்கியவர் மாமியின் மாமனார். அவருக்குப் பிறகு அது மாமியின் கணவரான மாமாவின் பெயரில் இருந்ததாம், பெயரில் மட்டும். மாமா கண்மூடிய பிறகு அந்தப் பெயரும் தேவைப்படவில்லை. என் கணவர் சைக்கிளில் பால் கொண்டுபோய்க் கொடுப்பவர், புல்லுக்கும் புண்ணாக்குக்கும் அலைபவர். நான் எண்பத்துமூன்றில் வட்டுக்கோட்டையில் இருந்து கலியாணம் முடித்து அங்கே வந்தேன். ஆங்கிலம் கொஞ்சம், தையல் கொஞ்சம், சங்கீதம் கொஞ்சம் தெரிந்த பெண் என்று தரகர் சொல்லியிருந்தார். மாமி கேட்ட ஒரே கேள்வி, "கை பெலனோ?" என்பதுதான்.

மாமிக்கு மாடுகளை வாங்கிய ஊரின் பெயரால் அழைக்கும் பழக்கம். சங்கானையில் வாங்கியவள் சங்கானையாள், அச்சுவேலியில் வாங்கியவள் அச்சுவேலியாள். அந்த வரிசையில் நான் வட்டுக்கோட்டையாள். இதில் வித்தியாசம் பாராட்ட மாமிக்கு நேரம் இருக்கவில்லை. ஒருமுறை வாசற் படலையில் நின்று, "அச்சுவேலியாள் நேற்றுத் துவக்கம் ஒண்டும் வாயிலை வைக்கிறாளில்லை" என்று அவர் கவலைப்பட, அயலில் புதிதாகக் குடிவந்திருந்த பெண் அது வீட்டுக்கு வந்த விருந்தாளி என்று நினைத்து இரசம் வைத்துக் கொண்டுவந்தாள். மாமி அதை வாங்கி அச்சுவேலியாளுக்கே வைத்தார். அச்சுவேலியாள் குடிக்கவில்லை, நான் குடித்தேன்.

என் பயிற்சிக் காலத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம்: முதல் வருடம் அழுதேன், இரண்டாம் வருடம் கறந்தேன். மாமி பக்கத்தில் இருந்து எதையும் காட்டித்தரவில்லை. மடியை இளஞ்சூட்டுத் தண்ணீரால் கழுவித் துடைத்து, விரலில் துளி தேங்காயெண்ணெய் தடவி, வாளியை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு நான் குந்தியிருப்பேன். மாமி குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருப்பார். வெறும் வாளியில் விழும் பாலுக்கு ஒரு சத்தம், நுரைமேல் விழும் பாலுக்கு வேறொரு சத்தம். அந்தச் சத்தத்தை வைத்தே அங்கிருந்து குரல் வரும். "பிள்ளை, பின் காம்பு ரெண்டும் என்ன, சும்மா கிடக்கோ?" குனிந்து பார்த்தால் சும்மாதான் கிடக்கும். கொஞ்சம் கை சோர்ந்தால், "கறக்கிறியோ, அவளுக்குக் கிச்சுக்கிச்சு மூட்டிறியோ?" என்று அடுத்த கேள்வி வரும்.

தலைக்கு மேல் ஹெலி சுற்றத் தொடங்கிய காலத்தில் ஊரெல்லாம் பதுங்கு குழி வெட்டியது. நாங்களும் வெட்டினோம். "நாங்கள் உள்ளுக்கை இருக்க, கறக்கிற மாடு வெளியிலையோ?" என்று மாமி கேட்டதில், என் கணவர் மாடுகளுக்கும் சரிவான வாசல் வைத்து ஒரு குழி வெட்ட வேண்டி வந்தது. மாடுகள் அதை எட்டிப் பார்த்துவிட்டு, வெளியில் நின்றே அசைபோட்டன. அந்த வருடத்துக் கன்று மட்டும் மனிதருடைய குழிக்குள் இறங்கி, பிறகு ஏறமாட்டேன் என்று நின்றது. ஹெலி சுற்றும்போது நாங்கள் மூன்று பேரும் வெளியில் நின்று கன்றோடு வாதாடிக்கொண்டிருப்போம்.

சரி, சொல்ல வந்தது கொடியின் கதை.

பசு கன்று போட்ட பிறகு, கன்று வயிற்றுக்குள் இருந்த பையும் கொடியும் தனியாக விழும். எங்கள் பக்கத்தில் அதை இளங்கொடி என்போம், வீட்டில் சுருக்கமாகக் கொடி. அது விழும்வரை ஒருவர் பக்கத்தில் காவல் இருக்க வேண்டும். விட்டால் பசுவே தின்றுவிடும். விழுந்ததை உமல் எனப்படும் பனையோலைப் பையில் உப்போடு போட்டு, வாயை இறுக்கிக் கட்டி, பாலுள்ள மரம் ஒன்றில் தொங்கவிட வேண்டும். எங்களுக்கு அது சந்தி ஆலமரம். நாய் எட்டக்கூடாது, காகம் கொத்தக்கூடாது, கொண்டுபோகிறவர் வழியில் எவரோடும் கதைக்கக்கூடாது. ஆலமரத்தில் பால் இருப்பதுபோல் பசுவின் மடியிலும் பால் நிற்கும். உமலை எவராவது இறக்கினால் பசு வற்றிவிடும். இது மாமியின் மாமனார் வைத்த சட்டம். மாமி அதில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. என் கணவருக்கு இதில் துளியும் நம்பிக்கை இல்லை. ஆனாலும் தாய்க்குப் பயந்து ஒவ்வொரு முறையும் கொண்டுபோய்க் கட்டுவார்.

எண்பத்தெட்டில் சங்கானையாள் கன்று போட்டாள். அப்போது எங்கள் வீட்டு அடுப்பு எரிந்ததே அவளுடைய பாலால்தான். மற்றவள் சினையாகி வற்றி நின்றாள். கொடி விழுந்தது. மாமி தன் கையாலேயே உப்பிட்டு உமலைக் கட்டிக் கொடுத்தார். மரத்தில் தொங்கவிடத்தான் நல்ல கயிறு இல்லை. என் கணவர் யோசித்துப் பார்த்து, பழுதாகிக் கிடந்த வானொலிப் பெட்டியில் இருந்து சிவப்பும் கறுப்புமான வயரைக் கழற்றினார். மின்சாரம் இல்லாத ஊரில் வயருக்கு வேறு என்ன வேலை? கிளையில் நாலு சுற்றுச் சுற்றி முடிந்தார். மிச்சத்தை வெட்ட மனம் வரவில்லை. பிறகு தேவைப்படும் என்று அப்படியே கீழே தொங்கவிட்டார்.

ஒரு கிழமை கழித்து, கடல் கடந்து வந்து எங்கள் பக்கம் முகாமிட்டிருந்த படை, மதகடியில் இருந்த சென்றியை, அதுதான் காவலரணை, வெயில் தாங்காமல் ஆலமர நிழலுக்கு மாற்றியது. மண்மூட்டை எல்லாம் அடுக்கி முடித்து, நிம்மதியாகச் சாய்ந்த பிறகுதான் ஒருவன் நிமிர்ந்து மேலே பார்த்திருக்கிறான்.

சந்தியால் போகிறவர் வருகிறவர் எல்லாரையும் மறித்து, அது என்ன என்று கேட்டார்கள். அது என்ன என்பது மட்டுமல்ல, எந்த வீட்டு எந்தப் பசுவினுடையது என்பதுகூட அத்தனை பேருக்கும் தெரியும். ஆனால் அந்த வருடங்கள் எங்களுக்கு ஒரு பாடத்தைப் பழக்கியிருந்தன. துவக்கு வைத்திருப்பவர் எதைக் கேட்டாலும் விடை "தெரியாது". தபால்காரர் தெரியாது என்றார். கோயில் ஐயர் தெரியாது என்றார். கணக்கு வாத்தியார், அந்த ஆலமரத்தையே தான் இன்றைக்குத்தான் காண்பதாகச் சொன்னார். சொல்லிவிட்டு எல்லாரும் முகத்தைத் திருப்பி, வாயைப் பொத்திக்கொண்டு போனார்கள். ஊரே சேர்ந்து மறைக்கிறது என்றால் உள்ளே இருப்பது எவ்வளவு பெரிய சாமானாக இருக்க வேண்டும் என்று ஆமிக்காரர் யோசித்ததில் பிழை சொல்ல முடியாது.

அந்த நேரத்தில்தான் என் கணவர் பால் போத்தல்களோடு சைக்கிளில் வந்து சேர்ந்தார். ஊரிலேயே பொய் சொல்லத் தெரியாத ஒரே ஆளை நான் கட்டியிருந்தேன். "நான்தான் கட்டினனான்" என்று பெருமையாகவே சொல்லியிருக்கிறார்.

செய்தி நாலு வேலி தாண்டி எங்கள் படலைக்கு வந்தபோது அதற்கு வேறு உருவம் வந்துவிட்டது. அயல் வீட்டு மணியக்கா மூச்சு வாங்க ஓடி வந்தார். "பிள்ளை, உன்ரை மனுசனை ஆமி மறிச்சு வைச்சிருக்கு. கொடியைக் கொண்டுபோய் மரத்திலை கட்டினவராம்." சொல்லிவிட்டு என் கழுத்தைப் பார்த்தார். தாலிக்கொடியையும் நாங்கள் கொடி என்றுதான் சொல்வது. களவுக்குப் பயந்து அதைக் கழற்றி வைத்துவிட்டு நான் மஞ்சள் கயிறோடு திரிந்த காலம் அது. "ஏன் பிள்ளை, ஒளிக்கிறதுக்கு வேறை இடம் கிடைக்கேல்லையே? எத்தினை பவுண்?" என்றார். நான் செருப்பைத் தேடினேன். மாமி மட்டும் நிதானமாக வெற்றிலையைத் துப்பிவிட்டு, கொக்கச்சத்தகத்தைக் கையில் எடுத்தார். அது குழை வெட்டுகிற நீளத் தடி, நுனியில் வளைந்த கத்தி இருக்கும்.

"மாமி, அதென்னத்துக்கு?"

"வரேக்கை ஆட்டுக்கு ரெண்டு குழை வெட்டிக்கொண்டு வரலாம்."

சந்தியில் என் கணவர் மண்மூட்டைக்குப் பக்கத்தில், தலைமேல் கை வைத்தபடி நிலத்தில் இருந்தார். நாங்கள் கிட்டப் போனதும் ஒருவன் தடியைப் பார்த்துத் துவக்கை நீட்டினான். மாமி அதை வேலியோடு சாத்திவிட்டு, "பால் வெயிலிலை கிடக்கு, ஆரும் பாக்கிறியளில்லையோ?" என்று போத்தல்களை நிழலுக்கு நகர்த்தினார். அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. அவருக்கு மொழிபெயர்க்க, தமிழ்நாட்டுப் பையன் ஒருவன் நின்றான். நல்ல முகம். ஆனால் பட்டணத்தில் வளர்ந்தவன். மாட்டை ரோட்டில் மட்டும் கண்டிருப்பான்.

"அம்மா, அந்த மூட்டையில என்ன இருக்கு? மறைக்காம சொல்லுங்க."

"மறைக்கிறதுக்கு என்ன கிடக்கு, தம்பி? கொடி."

"யாரோட கொடி?"

"எங்கடைதான். அடுத்த வீட்டான்ரையைக் கொண்டுவந்து நாங்கள் ஏன் கட்டுறம்?"

"எத்தனை நாளா இந்த வேலை நடக்குது?"

"என்ரை மாமனார் காலத்திலையிருந்து. பரம்பரையாக் கட்டிறனாங்கள்."

"எதுக்கு?"

"கட்டாட்டில் பால் வத்திப்போமெல்லே."

பையன் குழம்பிப்போய், அதிகாரியிடம் ஆங்கிலத்தில் சொன்னான். என் கொஞ்ச ஆங்கிலத்தில் "ஃபிளாக்" என்ற சொல் காதில் விழுந்தது. எனக்கு அப்போதுதான் விளங்கியது. மூன்று தலைமுறையாகக் கொடி பிடிக்கும் குடும்பம் என்று எங்களைப் பற்றி வாக்குமூலம் போய்க்கொண்டிருந்தது.

நான் முன்னுக்கு வந்தேன். "தம்பி, இது பறக்கிற கொடி இல்லை."

"பின்ன?"

அத்தனை ஆண்கள் நடுவில் அதை எப்படி விளக்குவது? ஆங்கிலப் பாடப் புத்தகத்தில் பசுவுக்கு நாலு கால், இரண்டு கொம்பு என்று இருந்தது, இது இருக்கவில்லை. படித்த மனுசர் சொல்லும் சொல்லைச் சொன்னால் புரியும் என்று நினைத்து, "நஞ்சுக்கொடி" என்றேன்.

"நஞ்சா?" பையன் ஓரடி பின்னுக்குப் போனான். "பாய்சன், சார்."

துவக்குகளில் எல்லாம் கிளிக் கிளிக் என்று சத்தம் கேட்டது. "இல்லைத் தம்பி, அது கண்டு போட்டாப்பிறகு விழும்" என்று நான் அவசரமாகச் சொன்னேன். "விழும்" என்றதும் அவன் மேலே பார்த்தான். அவன் பார்த்ததைக் கண்டு எல்லாரும் மேலே பார்த்தார்கள். காற்றுக்கு உமல் மெல்ல ஆடியது, வயரும் ஆடியது.

அதிகாரி இரண்டு கட்டளை போட்டார். பெரிய முகாமில் இருந்து வெடிகுண்டு பிரிக்கிறவர்கள் வரவேண்டும். கட்டியவரை ட்ரக்கில் ஏற்றி அங்கே கொண்டுபோக வேண்டும். பையன் என்னிடம் தணிந்த குரலில், "விசாரிச்சுட்டு விட்டுடுவாங்கம்மா" என்றான்.

இதுவரை சிரித்துச் சொன்னேன். அந்த நேரத்தில் எனக்குச் சிரிப்பு இருக்கவில்லை. விசாரித்துவிட்டு விடுவார்கள் என்று ஏற்றப்பட்டவர்களின் வீடுகள் எங்கள் ஒழுங்கையிலேயே இருந்தன. அந்த வீட்டுப் பெண்கள் இன்னும் படலையைப் பூட்டாமல்தான் படுத்தார்கள். ட்ரக் பின்னுக்கு எடுத்துக்கொண்டு வந்தது. என் கணவர் என்னைப் பார்க்காமல், தன் சைக்கிளையே பார்த்துக்கொண்டு எழுந்தார்.

"மாமி, உமலை இறக்கிக் காட்டுவம்" என்று கையைப் பிடித்தேன்.

"இறக்கினால் அவள் வத்திப்போவாள், பிள்ளை. பேந்து என்னத்தைத் தின்னுறது?"

"மாமி, அவரை ஏத்தப் போறாங்கள்."

மாமி மகனைப் பார்த்தார். உமலைப் பார்த்தார். பிறகு வேலியடிக்குப் போய்த் தடியை எடுத்துக்கொண்டு மரத்தடிக்கு நடந்தார்.

ஆமிக்காரர் தங்கள் பாஷையில் கத்தினார்கள். அவர்களுக்கு அது விளங்கியது, மாமிக்கு விளங்கவில்லை. ஒருவர் பின் ஒருவராக மண்மூட்டைக்குப் பின்னும் மதகுக்குள்ளும் பாய்ந்து விழுந்தார்கள். பையன் என்னையும் இழுத்து விழுத்தினான். வாயெல்லாம் செம்மண். தலையைத் தூக்கிப் பார்த்தால், சந்தி முழுக்க மனிதர் குப்புறக் கிடக்க, மாமி ஒருவர் மட்டும் நிமிர்ந்து நின்று கொக்கியை வயரில் மாட்டிக்கொண்டிருந்தார். கொஞ்சம் எட்டவில்லை. குதிக்காலை உயர்த்திக் கொளுவி, ஒரே இழுவை.

உமல் விழுந்து பிளந்தது.

உப்பிட்ட கொடி ஒரு கிழமை வெயிலில் தொங்கினால் எப்படி மணக்கும் என்று எழுத என் தமிழ் போதாது. குண்டுக்குப் பயந்து விழுந்து கிடந்தவர்கள் எழும்பி, மணத்துக்குப் பயந்து இன்னும் தூரம் போனார்கள். அதிகாரி லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு கிட்ட வந்து, ஒரு தடியால் கிளறிப் பார்த்தார். பையனின் முகம் மெல்ல வெளித்தது.

"இதைத்தான் கொடி கொடின்னீங்களாம்மா?"

"பின்னை நாங்கள் வேறை என்னத்தைச் சொன்னனாங்கள்?" என்றார் மாமி.

பையன் ஆங்கிலத்தில் என்ன சொன்னானோ தெரியாது. கையால் கன்று மாதிரியும் பை மாதிரியும் காட்டினான். அதிகாரி மரத்தைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார், ட்ரக்கில் ஒரு கால் வைத்தபடி நின்ற என் கணவரைப் பார்த்தார். போ என்று கையை அசைத்தார். இவருக்குத் தலைமேல் இருந்த கையை இறக்கத் தோன்றவில்லை. "கையைக் கீழை விடு, தம்பி. பால் திரையப்போகுது" என்று மாமிதான் இறக்கிவிட்டார். அன்று மத்தியானத்துக்குள் சென்றி பழையபடி மதகடிக்குப் போய்விட்டது. ஆலமரத்தடியில் ஒருவராலும் இருக்க முடியவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது மாமி தடியைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் போனார். தப்பி வந்த துணிச்சலில் என் கணவர்தான் வாயைக் கொடுத்தார். "அம்மா, உமல் இறங்கிப் போச்சு. அப்பப்பா சொன்னது மெய்யோ பொய்யோ எண்டு பின்னேரம் தெரிஞ்சிடும்."

அந்தப் பேச்சு எனக்கே சுட்டது. பால் வற்றினால் வீட்டுக்குச் சோறு இல்லை. வற்றாவிட்டால், மாமி இத்தனை வருடமாக மற்றவர்களைக் கட்டி ஆண்ட சட்டம் ஒரு பின்னேரத்தில் வெறும் பேச்சாகிவிடும். நான் பால் வற்றக்கூடாது என்று பிள்ளையாரை வேண்டினேன். மாமி எதை வேண்டினார் என்று தெரியவில்லை.

பின்னேரம் மாமி வாளியைத் தானே எடுத்தார். "இண்டைக்கு நான் கறக்கிறன். நீ அவனுக்குக் குளிக்கச் சுடுதண்ணி வை." நான் தண்ணீரை அடுப்பில் ஏற்றிவிட்டு, வைக்கோல் எடுக்கிற மாதிரிக் கொட்டிலின் பின்பக்கம் போய், ஓலைக் கிடுகு இடைவெளியால் பார்த்தேன். கன்று முதலில் நாலு வாய் குடித்தால்தான் பசு பாலை இறக்கும். அந்த நாலு வாய்க்கு மேல் ஐந்தாவது வாய் குடித்த கன்று எங்கள் பட்டியில் பிறந்ததில்லை. மாமி காதைப் பிடித்து இழுத்துக் கட்டிவிடுவார். அன்றைக்குக் கன்று குடித்துக்கொண்டே இருந்தது. முன்காம்பை முடித்துப் பின்காம்புக்கு வந்தது. மாமி வெறும் வாளியை மடியில் வைத்துக்கொண்டு, கன்றின் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"குடி, குடி" என்று மெதுவாகச் சொன்னார். "கெதியாக் குடி. ஆரும் வந்திடுவினம்."

கன்றின் வாயெல்லாம் நுரை தள்ளிய பிறகுதான் அதைக் கட்டிவிட்டு, மிச்சத்தைக் கறந்தார். வாளியைக் கொண்டுவந்து மகனுக்கு முன்னால் வைத்தார்.

"பார். அரைவாசிகூட இல்லை."

என் கணவர் வாளிக்குள் பார்த்தார். அவருடைய முகத்தில் இருந்த பகிடி போய்விட்டது. "எனக்காண்டியே, அம்மா?"

"பின்னை ஆருக்காண்டி?"

அப்போது மாமியின் கண் என் பக்கம் திரும்பியது. என் தலையில் வைக்கோல் இருந்தது, கையில் இல்லை. நான் வாளிக்குள் எட்டிப் பார்த்தேன்.

"ஓம் மாமி" என்றேன். "நல்லாத்தான் குறைஞ்சு போச்சு."

கலியாணமாகி ஐந்து வருடத்தில், அந்தப் பின்னேரம்தான் எனக்கு மாமியில் முதல்முதலாக ஆசை வந்தது. இரவு எனக்குச் சோறு போடும்போது பொரியலில் ஒரு துண்டு கூட வைத்தார்.

அடுத்த நாள் பால் பழையபடி வந்தது. பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்ததால் வந்தது என்று மாமி அறிவித்தார். என் கணவர் அதற்குப் பிறகு உமலைப் பற்றிப் பகிடி விட்டதே இல்லை. மாமி போய்ப் பல வருடமாகிவிட்டது, மகனின் இயந்திரமும் வந்துவிட்டது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் பசு கன்று போட்டால், நல்ல தும்புக் கயிறு தேடி எடுத்து, வழியில் ஒருவரோடும் கதைக்காமல், அவரே கொண்டுபோய்க் கட்டுகிறார். மகன் சிரித்தால் கோபம் வரும். "உனக்கென்ன தெரியும்? எங்கடை அம்மா எனக்காண்டிச் சங்கானையாளின்ரை பாலையே விட்டவ" என்பார்.

பக்கத்தில் இருந்து நான் தலையை ஆட்டுவேன். கன்று குடித்ததை ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லித் திருத்துவதற்கு அவர் சொல்வதில் பிழையும் இல்லை. கொக்கச்சத்தகத்தை அந்த வயரில் மாட்டியபோது, இழுத்தால் பால் போய்விடும் என்றுதான் மாமி முழுக்க நம்பினார். நம்பிக்கொண்டுதான் இழுத்தார்.